பெரிய வீதியில் நாமும் ஓடுவோம்
வாகனம் பழகும் சகோதரிகளுக்குச் சில வழிகாட்டல்கள்

ஒரு காலத்தில் வீதி என்றால் எமக்கு ஓடித் தப்புகிற வழி. மூட்டை முடிச்சுகளோடு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்த வழி. சோதனைச்சாவடிக்கு முன்னால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்ற வழி. 2006ஆம் ஆண்டு மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது அந்த வழியில் பெண்கள் பட்ட பாட்டை இங்கே எழுத வேண்டியதில்லை. வாசிக்கும் உங்களில் பலருக்கு அது தெரிந்த கதை.

இன்று அதே வீதியில் பெண்கள் ஸ்கூட்டி ஓடுகிறார்கள், ஓட்டோ ஓடுகிறார்கள். கார், வான் ஓடப் பழக வேண்டும் என்ற ஆசையும் பலரிடம் வந்திருக்கிறது. இது வெறும் ஆசை அல்ல, தேவையும்கூட. கணவரை இழந்த அல்லது கணவர் எங்கே என்று இன்னும் தெரியாத ஒரு வீட்டில், இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் யாரைக் கூப்பிடுவது? சந்தைக்குக் கொண்டுபோகும் மரக்கறியையோ மீனையோ யாருடைய வாகனத்தில், என்ன விலைக்கு ஏற்றுவது? பாடசாலை வான் ஓடி உழைக்கலாம் என்று நினைக்கும் ஒரு தாய் எவ்வளவு காலம் இன்னொருவரைச் சாரதியாக வைத்துச் சம்பளம் கொடுப்பது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு சாரதி அனுமதிப்பத்திரம் பதிலாக இருக்க முடியும்.

ஆனால் ஊர் ஒழுங்கையில் ஓடுவது ஒன்று, பெரிய வீதியில் ஓடுவது வேறொன்று. வீட்டில் உழைப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், வீதியில் உங்களுக்கு ஒன்று நடந்தால் அந்த வீடே விழும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எமது வீதிகள் மாறிவிட்டன

கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போகத் தோணியையும் பாதையையும் நம்பியிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அப்போது இலங்கையின் மிக நீளமான பாலம் அதுதான். அதன் பின்னர் மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ-15 வீதியில் பாதைகள் இருந்த மற்ற இடங்களிலும் பாலங்கள் வந்தன. பாலம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தபோது மீண்டும் கண்ணீரோடு பார்த்தோம்.

பாலமும் தார் வீதியும் வந்ததும் வேகமும் வந்துவிட்டது. திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியாகச் செல்லும் ஏ-6 வீதியில் எந்நேரமும் கனரக வாகனங்கள். சீனக்குடாப் பக்கத்து எண்ணெய்த் தாங்கிகளிலிருந்து பவுசர்கள், பிறீமா ஆலையிலிருந்து மா ஏற்றிய லொறிகள், சீமெந்து லொறிகள் எல்லாம் துறைமுகக் கரையிலிருந்து இந்த ஒரே வீதிக்குத்தான் ஏறுகின்றன. எமது மாவட்டத்து வீதிகளில் பெரும்பாலானவை போக ஒன்று, வர ஒன்று என்ற இரண்டு நிரல் வீதிகள். ஆனால் கொழும்புப் பக்கம் போகப் போக நடுவே திட்டுக் கட்டி, ஒவ்வொரு பக்கமும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிரல்கள் உள்ள இரட்டை வீதிகள் வருகின்றன. அதற்கும் மேலே அதிவேக வீதிகள் இருக்கின்றன. கொட்டாவையிலிருந்து காலி வரையான தெற்கு அதிவேக வீதி 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. கட்டுநாயக்க விமான நிலைய அதிவேக வீதி 2013 ஒக்டோபரில் வந்தது. நாங்கள் கொழும்புக்குப் போகும் வழியிலேயே உள்ள குருணாகல் - மீரிகம அதிவேக வீதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அங்கே இடமில்லை. கார், வான் ஓடுபவர் ஒருநாள் அங்கே ஏற வேண்டித்தான் வரும்.

முதலில் பத்திரம்

அனுமதிப்பத்திரம் எடுக்கும் ஒழுங்கு இதுதான். 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் மருத்துவச் சான்றிதழ் பெற வேண்டும். பின்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து எழுத்துப் பரீட்சை எழுத வேண்டும். அதைத் தமிழிலேயே எழுதலாம். சித்தியடைந்தால் பயிலுனர் அனுமதிப்பத்திரம் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு பழகி, பிறகு ஓடிக்காட்டும் பரீட்சைக்குப் போக வேண்டும்.

பழகும் காலத்தில் வாகனத்தின் முன்னும் பின்னும் 'எல்' பலகை இருக்க வேண்டும். பக்கத்தில் அனுமதிப்பத்திரம் உள்ளவர் இருக்க வேண்டும். "தம்பிக்கு ஓடத் தெரியும், ஆனால் லைசன் இல்லை" என்பவரை நம்பி வீதியில் இறங்கக் கூடாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கை கொடுக்காது, சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது.

உடலில் குண்டுச் சிதறல் உள்ளவர்கள், கை கால் பாதிக்கப்பட்டவர்கள், ஒரு காதில் கேட்கும் சக்தி குறைந்தவர்கள் மருத்துவச் சோதனையில் அதை மறைக்க வேண்டாம். கிளச் இல்லாத ஓட்டோ கியர் வாகனம் இடது காலுக்கு வேலை தராது. எந்த வாகனம் உங்களுக்கு ஏற்றது என்று மருத்துவரிடமே கேளுங்கள். மறைத்து எடுத்த பத்திரம் நெருக்கடியான அந்த ஒரு நொடியில் எம்மைக் காப்பாற்றாது. இடப்பெயர்வில் அடையாள அட்டையையோ பிறப்புச் சான்றிதழையோ தொலைத்தவர்கள் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போய் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

வேகத்தின் கணக்கு

வேகத்தைப் பற்றிப் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கணக்குத் தெரிந்தால் போதும்.

மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீற்றர் போகிறது. 70இல் போனால் 19 மீற்றருக்கு மேல். 100இல் போனால் கிட்டத்தட்ட 28 மீற்றர். ஆடு குறுக்கே வருவதைக் கண் கண்டு, கால் பிறேக்கை மிதிக்கும் முன்னரே இவ்வளவு தூரம் கடந்துவிடும். அதன் பிறகுதான் வாகனம் நிற்கத் தொடங்கும். வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்தபின் வாகனம் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. பிரித்தானியாவில் வாகனம் பழகுவோருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுகளின்படி, மணிக்கு 48 கிலோமீற்றரில் போகும் கார் நிற்க 23 மீற்றர் வேண்டும். 96 கிலோமீற்றரில் போனால் 73 மீற்றர் வேண்டும். முதலாவது இரண்டு பஸ்களின் நீளம். இரண்டாவது ஆறு பஸ்களின் நீளம். இதுவும் காய்ந்த வீதியில், நல்ல ரயரோடு ஓடும்போதுதான்.

எமது நாட்டில் கார், வான்களுக்கு ஊர்மனைகளுக்குள் 50, வெளியே 70, அதிவேக வீதியில் 100 கிலோமீற்றர் என்பதே எல்லை. ஓட்டோவுக்கு இதிலும் குறைவு. திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். 60இல் போனால் 40 நிமிடம், 70இல் போனால் 34 நிமிடம். மிச்சப்படுவது ஆறே நிமிடம். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்.

முன்னால் போகும் வாகனத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுவது? அது ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன்னர் நீங்கள் அதே கம்பத்துக்கு வந்துவிட்டால், மிக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மழையென்றால் இரு மடங்கு எண்ண வேண்டும். மாரி காலத்தில் தேங்கி நிற்கும் வெள்ளத்தில் வேகமாகப் போனால் ரயர் தாரைத் தொடாமல் தண்ணீரின் மேல் வழுக்கும். அப்போது ஸ்ரியறிங்கும் பிடிக்காது, பிறேக்கும் பிடிக்காது. அக்சிலேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்திருப்பதே வழி.

இரட்டை வீதியில் ஓடும் முறை

நடுவே திட்டு உள்ள வீதியில் ஒரு பெரிய நன்மை உண்டு. எதிரே வரும் லொறி எமது பக்கம் வராது. இரண்டு நிரல் வீதியில் புதியவர்களை அதிகம் நடுங்க வைப்பது அதுதான். ஆனால் இங்கே ஆபத்துப் பின்னாலும் பக்கத்திலும் இருந்து வருகிறது. ஆகவே கண்ணாடி பார்க்கும் பழக்கம் இல்லாதவர் இந்த வீதிக்கு ஏறவே கூடாது.

ஏறும்போது: கிளை வழியிலிருந்து பெரிய வீதிக்கு ஏறும் இடத்தில், சில வீதிகளில் வேகம் எடுப்பதற்கென்றே ஒரு தனி நிரல் இருக்கும். அதில் வேகத்தைக் கூட்டி, வீதியில் ஓடும் வாகனங்களின் வேகத்துக்கு அண்மையாக வந்து, இடைவெளி பார்த்துச் சேர வேண்டும். சிக்னல் போடுங்கள். கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியில் தெரியாத பகுதியை வலது தோளுக்கு மேலாக ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். நடுவில் நின்றுவிடுவதுதான் பின்னால் வருபவரைத் திகைக்க வைக்கும். வேகம் எடுக்கும் நிரல் இல்லாத வீதியென்றால், நன்றாக நின்று, பெரிய இடைவெளி கிடைத்த பின்னரே ஏறுங்கள். பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடிக்கட்டும். அவருடைய அவசரத்துக்காக எமது உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஓடும்போது: எமக்குரிய இடம் இடது நிரல். வலது நிரல் முந்துவதற்கு. முந்தி முடிந்ததும் திரும்ப இடது பக்கம் வந்துவிட வேண்டும். வலது நிரலில் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தால் பின்னால் வருபவர்கள் பொறுமையிழந்து இடது பக்கத்தால் முந்துவார்கள். அது எல்லோருக்கும் ஆபத்து. கண்ணை முன்னால் போகும் வாகனத்தின் பின் லைட்டிலேயே வைத்திருக்காமல், அதற்கும் அப்பால் தூரத்தைப் பார்த்து ஓடுங்கள்.

முந்தும்போது: கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேலான பார்வை, பிறகுதான் ஸ்ரியறிங். ஸ்ரியறிங்கை வெட்டித் திருப்பாமல் மெல்லத் திருப்புங்கள். லொறியின் பக்கத்தில் நெடுநேரம் ஓட வேண்டாம். உங்களுக்கு அதன் கண்ணாடி தெரியாவிட்டால் அந்தச் சாரதிக்கும் உங்களைத் தெரியாது. முந்திய வாகனம் முழுவதும் உங்கள் உட்புறக் கண்ணாடியில் தெரிந்த பின்னரே இடது பக்கம் வாருங்கள்.

வலது பக்கம் திரும்பும்போது: இரட்டை வீதியில் மிக அவதானம் தேவைப்படும் இடம் இதுதான். கிளை வீதியிலிருந்து வந்து வலது பக்கம் போக வேண்டுமானால், முதலில் வலப் பக்கத்திலிருந்து வரும் வாகனங்களுக்கு வழிவிட்டு முதல் பாதியைக் கடக்க வேண்டும். நடுத்திட்டின் இடைவெளியில் உங்கள் வாகனம் முழுவதும் அடங்குமானால் மட்டும் அங்கே நின்று, இடப் பக்கத்திலிருந்து வருபவற்றைப் பார்க்கலாம். வாகனத்தின் பின்புறம் வீதியில் நீட்டிக்கொண்டு நிற்குமானால் அங்கே நிற்கக் கூடாது. இரண்டு பக்கமும் வெறுமையாகும் வரை கிளை வீதியிலேயே காத்திருக்க வேண்டும். பழகும் காலத்தில் இதைவிட இலகுவான வழி, இடது பக்கம் திரும்பிப் போய், அடுத்த சுற்றுவட்டத்தில் திரும்பி வருவது. அரை மைல் கூட ஓடினாலும் நட்டமில்லை.

வெளியேறும்போது: போக வேண்டிய வழியை முன்கூட்டியே பலகையில் பார்த்து, நேரத்தோடு இடது நிரலுக்கு வந்துவிடுங்கள். வழியைத் தவறவிட்டால் அடுத்த வழிவரை போங்கள். பின்னுக்கு எடுப்பது, நிறுத்தி யோசிப்பது, எதிர்ப்பக்கமாகத் திருப்புவது எல்லாம் உயிரோடு விளையாடுவது.

எமது மாவட்டத்துக்கே உரிய ஆபத்துகள் வேறு. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் காயும். இரவில் மாடுகளும் எருமைகளும் தார்ச் சூட்டுக்கு வீதியில் வந்து படுக்கும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே காட்டு யானைகள் வீதியைக் கடக்கும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், லைட்டை அடித்துக் காட்டாதீர்கள், அதன் பக்கத்தால் நுழைந்து போக முயலாதீர்கள். பழகும் காலத்தில் அந்தப் பகுதியை இரவில் தவிர்ப்பதே நல்லது.

பயம் வரும், போகும்

வேகமாக வரும் லொறியின் இரைச்சல், ரயர் வெடிக்கும் சத்தம், சீருடைக்காரர் கைகாட்டி நிறுத்துவது. மற்றவர்களுக்குச் சாதாரணமான இவை எம்மில் சிலருக்குச் சாதாரணமானவை அல்ல. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்பதே மறக்கும். இது கோழைத்தனம் அல்ல. பட்டதை உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படி வந்தால் சிக்னல் போட்டு, பாதுகாப்பான இடத்தில் இடது கரையில் நிறுத்துங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். கை நடுக்கம் நின்ற பின்னர் ஓடுங்கள். இது அடிக்கடி வந்தால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் பேசுங்கள். நித்திரைக்கோ மனநிலைக்கோ குளிசை எடுப்பவர்கள், அதை எடுத்துவிட்டு வாகனம் ஓடலாமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். சில குளிசைகள் அடுத்த நாள் காலையிலும் தூக்கத்தைத் தரும்.

பயத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். முதலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாகனம் குறைந்த நகர வீதி. பிறகு உப்புவெளி, நிலாவெளி வீதி. பிறகு பகலில் ஏ-6. நன்றாகக் கை வந்த பின்னர் இரவு, மழை. இரட்டை வீதியும் அதிவேக வீதியும் கடைசியில். பிரித்தானியாவிலேகூடப் பழகுவோரை அதிவேக வீதியில் 2018 ஜூன் மாதம் வரை விடவில்லை. இப்போதும் தகுதி பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருந்து, அவருக்கும் பிறேக் உள்ள வாகனத்தில் மட்டுமே விடுகிறார்கள். அங்கேயே அப்படியென்றால் நாங்கள் அவசரப்பட வேண்டிய தேவை என்ன?

ஊர்வாயும் பயிற்றுநரும்

"ஆம்பிளை ஒருத்தனோடை கார் பழகப் போறாள்" என்று சொல்ல ஊரில் எப்போதும் யாராவது இருப்பார்கள். தனித்து வாழும் பெண்ணைப் பற்றி இன்னும் கூடுதலாகச் சொல்வார்கள். அதற்காகப் பழகுவதை விட்டுவிட வேண்டாம். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஒரே பயிற்சிப் பாடசாலையில் சேருங்கள். ஒருவர் ஓடும்போது மற்றவர்கள் பின்னால் இருக்கலாம். ஊர்வாயும் அடங்கும், மற்றவர் விடும் பிழையைப் பார்த்தும் படிக்கலாம். கையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுக்கும், தேவையில்லாமல் கதைக்கும், சத்தம் போட்டுப் பதற்றப்படுத்தும் பயிற்றுநரிடம் "இது சரியில்லை" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்காவிட்டால் பாடசாலை உரிமையாளரிடம் சொல்லுங்கள், பாடசாலையை மாற்றுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள்.

வீட்டுப் பணிக்காக எமது பெண்கள் பலர் போய்வந்த சவூதி அரேபியாவில், பெண்கள் வாகனம் ஓட 2018 ஜூன் 24ஆம் திகதிதான் அனுமதி கிடைத்தது. எமக்கு அந்த உரிமை எப்போதோ இருக்கிறது. அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதுதான் மீதி.

வழியில் ஏதும் நடந்தால்

வாகனம் பழுதானால் இயன்றவரை இடது கரைக்குக் கொண்டுவந்து, நான்கு சிக்னல் லைட்டுகளையும் எரியவிடுங்கள். பிள்ளைகளை வீதிப் பக்கமாக இறக்காமல் இடது கதவால் இறக்கி, வீதியை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். அதிவேக வீதியில் வாகனத்துக்குள் இருப்பதும் அதன் பின்னால் நிற்பதும் ஆபத்து. ஓரத்துத் தடுப்புக்கு அப்பால் நின்று உதவிக்கு அழையுங்கள்.

விபத்து என்றால் பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் சேவை 1990. இரண்டையும் தொலைபேசியில் மட்டுமல்ல, ஒரு துண்டில் எழுதியும் வாகனத்தில் வையுங்கள். காயப்பட்டவரை இருவர் மூவராகத் தூக்கி ஓட்டோவுக்குள் மடக்கி ஏற்றுவது எமது ஊர்ப் பழக்கம். கழுத்தோ முதுகெலும்போ முறிந்திருந்தால் அதனாலேயே அவர் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாமல் போகலாம். தீ போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால் அம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருங்கள். இரத்தம் பாய்ந்தால் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

• ரயர்களில் காற்று, பிறேக், முன் பின் லைட்டுகள், துடைப்பான்.
• மூன்று கண்ணாடிகளும் உங்கள் உயரத்துக்கு ஏற்றபடி இருக்கின்றனவா?
• இருக்கைப் பட்டி. முன்னால் இருப்பவர்களுக்கு 2011 முதல் சட்டப்படி கட்டாயம். பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கும் போடுங்கள். பிள்ளையை மடியில் வைத்து ஓட வேண்டாம்.
• சேலைத் தலைப்பு, துப்பட்டா கியரிலோ கதவிலோ சிக்காமல் இருக்கட்டும். குதி உயர்ந்த செருப்பு வேண்டாம்.
• தொலைபேசி கைப்பையில் இருக்கட்டும். எவர் அழைத்தாலும் நிறுத்திய பின்னர் பேசலாம்.
• நித்திரை இல்லாத நாளில், அழுது களைத்த நாளில் பெரிய வீதிக்குப் போக வேண்டாம்.

சகோதரிகளே, எத்தனையோ இழப்புகளின் பின்னரும் எமது வீடுகளை நிமிர்த்திக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். எமக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போக வேண்டியவர்களும் நாங்கள்தான். நன்றாகப் பழகுவோம், நிதானமாக ஓடுவோம். இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும், வாகனம் பழக யோசிக்கும் இன்னொரு பெண்ணிடம் கொடுங்கள்.